காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாத தமிழர் இலர். பனங்காடு சூழ்ந்த நெல்லைச் சீமையில் பங்குப் பணி ஆற்றும் நாம் அதைப் பன்முறை மறையுரையில் எடுத்தாண்டதுண்டு. காக்கை அமர்ந்தது, பழம் விழுந்தது. ஆகவே காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று முடிவு கட்டும் அறிவிலியைக் கண்டு மக்கள் நகைக்கும்போது நாமும் உடன் நகைத்திருக்கிறோம். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் இதே பிழைக்கு இலத்தீன் மொழியில் ஒரு பெயர் கற்றுக்கொடுத்தார்கள்: 'அதற்குப் பின் வந்தது, ஆதலால் அதனால் வந்தது.' தேர்வில் அந்த வினாவுக்கு நாம் நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். 2022-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், ஒரு மோட்டார் வண்டியின் பொருட்டு, அந்த மதிப்பெண் முழுவதையும் இழந்தோம். இழந்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

நம் பங்குத்தளத்துக்குக் கிளைக்கிராமங்கள் 7. கடைசிக் கிராமம் 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2016-இல் உருவான சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பங்குப் பேரவையினர் 2019-இல் இரண்டாம் கையாக வாங்கியிருந்தார்கள். அந்த வண்டி கிளைக்கிராமத் திருப்பலிகளுக்குச் சென்றதைவிட மருத்துவமனைக்குச் சென்றதே மிகுதி. பேறுகாலத்துப் பெண்கள், பாம்பு தீண்டியவர்கள், இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் இருமுறை நகரம் செல்ல வேண்டிய ஒரு பெரியவர் என்று அதன் பின்னிருக்கையில் அமராத வீடு ஊரில் சிலவே. வெயிலில் வண்டி காயாதிருக்கப் பங்கு இல்லத்தின் முன் நிற்கும் புங்க மரத்தடியில் நிறுத்துவோம். அந்த மரம் இக்கதையில் மீண்டும் வரும்.

கிராமச் சாலைகளில் தெருவிளக்கு குறைவு. அவ்வாண்டு செப்டம்பரில் ஓர் இரவு, சாலையில் படுத்திருந்த எருமை ஒன்றின் மேல் மோதாமல் மயிரிழையில் தப்பினோம். எனவே வண்டியின் முன்புறம் கூடுதலாக இரண்டு விளக்குகள் பொருத்த எண்ணி, ஊரின் மின்பணியாளர் அண்ணாச்சியை அழைத்தோம். அறுபதை நெருங்கியவர். நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். எனினும் 16 ஆண்டுகளாக நம் கோயில் திருவிழாவுக்கு விளக்கு அலங்காரம் செய்பவர் அவரே. விலை பேசும் வழக்கமே கிடையாது. கொடியிறக்கம் முடிந்ததும் கணக்கர் ஒரு தொகையைக் கையில் கொடுப்பார். அண்ணாச்சி எண்ணிப் பாராமல் மடியில் செருகிக்கொள்வார். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் வண்டியின் முன் குந்தியிருந்து விளக்குகளைப் பொருத்திக் கொடுத்தார். இரவு ஒளி பிரமாதமாக இருந்தது.

மூன்று வாரங்கள் கழிந்தன. செபமாலை மாதத்தின் கடைசி நாள்களில் ஒரு மாலை, மக்கள் கெபியின் முன் கூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத வண்டி தானாக ஒலியெழுப்பியது. ஒருமுறை அன்று, மூன்றாம் மறையுண்மை முடியும்வரை விட்டுவிட்டு ஒலித்தது. சிறுவர்களுக்குச் சிரிப்பு தாளவில்லை. வண்டிக்குள் பேய் புகுந்துவிட்டதாக அன்றிரவே ஊரெங்கும் செய்தி பரவிற்று. அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு புதுமை. நள்ளிரவில் கதவுப் பூட்டுகள் தாமே 'டக், டக்' என்று திறந்து மூடும். மழையே இல்லாதபோது துடைப்பான் ஒருமுறை எழுந்து படுக்கும். உள்விளக்கு அணைய மறுக்கும். காலையில் சாவியைத் திருகினால் வண்டி முனகும். சில நாள் அதுவும் இல்லை. மின்கலம் பழுதென்று எண்ணிப் புதியது வாங்கினோம். அதுவும் நான்காம் நாள் செத்துக் கிடந்தது.

நகரத்துப் பணிமனை ஒன்றுக்கு வண்டியை இழுத்துச் சென்றோம். அங்கிருந்த பொறுப்பாளர் மூடியைத் திறந்ததும், "வெளியே ஏதாவது லைட் வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். அவ்வளவுதான், வேறெதையும் அவர் பார்க்கவில்லை. வெளியாள் கை வைத்த வண்டி, உள்ளே கம்பித்தொகுதி முழுவதும் கெட்டிருக்கும், மாற்ற ரூ. 62,000 ஆகும் என்று ஒரு தாளை நீட்டினார். அப்பணம் பங்கில் இல்லை. வண்டியைத் திரும்பக் கொணர்ந்தோம். ஆனால் அவருடைய கேள்வி நம்முள் தங்கிவிட்டது.

நவம்பர் நடுவில் ஓர் இரவு, ஒன்றரை மணிக்கு, அடுத்த தெருவிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள். நாற்பத்தைந்து வயதுக் குடும்பத் தலைவருக்கு நெஞ்சுவலி. அவரைத் தாங்கிக்கொண்டு வந்து வண்டியில் அமர்த்தினார்கள். சாவியைத் திருகினோம். ஓர் ஒலியும் இல்லை. தள்ளிப் பார்த்தார்கள், பயனில்லை. 108-க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நின்ற அந்த 25 நிமிடங்களில், மழைத் தூறலில், அவருடைய மனைவி நம்மை ஒன்றும் சொல்லவில்லை, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது, மனிதர் பிழைத்துக்கொண்டார். இன்றும் ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில் அவரைக் காண்கிறோம். ஆனால் அந்த 25 நிமிடங்களின் அச்சமும் வெட்கமும் விடிவதற்குள் சினமாகத் திரண்டுவிட்டன. சினத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலையும் வேளையில், வேறேதோ வேலையாக அவ்வழியே அண்ணாச்சி சைக்கிளில் வந்தார். ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். பின்னர் எண்ணிப் பார்க்க நேர்ந்ததால் அந்த எண்ணிக்கை துல்லியமாக நினைவிருக்கிறது. அவர்கள் கேட்க அவரை நிறுத்தி, தெரியாத வேலையில் கை வைத்து ஓர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தீர் என்றோம். இன்னும் சில சொற்களும் சொன்னோம். அவற்றை இங்கே எழுதக் கை வரவில்லை. அவர், "சாமி, பேட்டரியிலேருந்து தனி பியூஸ் போட்டுத்தான் இழுத்திருக்கேன். வண்டி ஒயரைத் தொடவே இல்ல. வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார். நாம் பதில் கூறவில்லை. சைக்கிளைச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டே போய்ப் பிறகு ஏறிச் சென்றார்.

அன்றே வேறொருவரைக் கொண்டு விளக்குகளைக் கழற்றினோம். என்ன வியப்பு! நான்கு நாள்கள் வண்டி தங்கம்போல் இருந்தது. பேரவைக் கூட்டத்தில், "பார்த்தீர்களா" என்று நாம் சொன்னபோது எவரும் மறுக்கவில்லை. தை மாதத் திருவிழாவின் விளக்கு அலங்காரத்தை நகரத்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுப்பதென அக்கூட்டத்திலேயே முடிவாயிற்று. ஐந்தாம் நாள் ஒலிப்பான் மீண்டும் தானே அலறியது. அப்போதாவது நமக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. 'உள்ளே ஏற்கெனவே கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்' என்றே எண்ணினோம். அந்த நான்கு நாள்களும் மழை பெய்யவில்லை, ஐந்தாம் நாள் பெய்தது என்பதை அப்போது நாம் கவனிக்கவே இல்லை.

நம் பள்ளி ஆசிரியை ஒருவர், நான்குவழிச் சாலையோரம் தகரக் கொட்டகையில் பணிமனை வைத்திருக்கும் ஓர் இளைஞரைப் பற்றிச் சொன்னார். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றுக் கோவையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவராம். ஒரு சனிக்கிழமை காலை அவரே ஒரு பையுடன் வந்தார். எடுத்த எடுப்பில் திருப்புளியைத் தொடாமல், தரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் கேள்வியே கேட்டார். எப்போது தொடங்கிற்று? எந்த வேளையில்? வண்டி எங்கே நிற்கும்? மழையிலா வெயிலிலா? நோயாளியை ஒப்புரவு அருள்சாதனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாம்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று தோன்றியது.

அவர் விளக்கியதை வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறோம். நம் இளமையில் ஊர்ந்த அம்பாசடர் காரில் (அதன் உற்பத்தி உத்தரபாரா ஆலையில் 2014-இல் நின்றுபோயிற்று) பொத்தானுக்கும் விளக்குக்கும் இடையே கம்பி ஓடிற்று. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நேரே போய்ச் சேரும். பழுதானால் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். இன்றைய கார்களில் பொத்தான் கட்டளை இடுவதில்லை, விண்ணப்பம் செய்கிறது. அதைப் பெற்றுக்கொள்வது ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, முகப்புப் பலகையின் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு பெட்டி. 'பாடி கண்ட்ரோல் மாட்யூல்' என்பது அதன் பெயர்; மெக்கானிக்குகள் 'பி.சி.எம்.' என்பார்கள். விளக்கு, துடைப்பான், ஒலிப்பான், கதவுப் பூட்டு, உள்விளக்கு, திருட்டுத் தடுப்பு எல்லாம் அதன் அதிகாரத்தில் இருக்கின்றன. இன்னாருக்கு இன்னது என்று அதுவே தீர்மானித்து மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. எஞ்சினை ஆளும் பெட்டி வேறு. அவை ஒன்றோடொன்று பேசுவதற்கு முறுக்கிய இரு கம்பிகள் போதும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகம் செய்த 'கேன்' என்னும் முறை இது. பேச்சில்லாதபோது இரு கம்பிகளிலும் 2.5 வோல்ட், பேசும்போது ஒன்று 3.5 ஆக உயரும், மற்றது 1.5 ஆகத் தாழும். கேட்கும் பெட்டி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கவனிப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒருசேரத் தாக்கினாலும் செய்தி கெடுவதில்லை.

பிறகு சோதனை தொடங்கியது. முதலில் மின்கலம்: 12.6 வோல்ட், நன்று. எஞ்சின் ஓடும்போது 14.1, மின்னேற்றமும் நன்று. அடுத்து, வண்டி உறங்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பூட்டின் நாக்கைத் திருப்புளியால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பச் செய்தார். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, நடுவே அளவியை இணைத்தார். எல்லாப் பெட்டிகளும் உறங்குவதற்கு 40 நிமிடம் காத்திருந்தோம். உறங்கும் வண்டி 0.05 ஆம்பியருக்குள் இழுக்க வேண்டும் என்றார். அளவி 0.68 காட்டியது. நம் வண்டியின் மின்கலம் 35 ஆம்பியர்-மணி. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 50 மணி நேரத்தில் முழுதும் வற்றிவிடும். எஞ்சினைச் சுழற்றும் ஆற்றலை அதற்கும் முன்பே இழந்துவிடும்.

அப்போது அவர் மூடியின் கீழே குனிந்து, கழற்றி விடப்பட்டுத் தொங்கிய பழைய விளக்கின் கம்பிகளைப் பிடித்தார். "சாமி, இந்த லைட் வேலை பாத்தது யாரு?" என்றார். நாம் ஒருவித ஆர்வத்துடனேயே நடந்ததைச் சொன்னோம். அவர் கம்பியை விரலால் நீவியபடி, "நல்லா பண்ணியிருக்காரே" என்றார். மின்கலத்திலிருந்து ஓரடிக்குள் தனி பியூஸ், தனி ரிலே, தனிப் பொத்தான், கம்பி தேயக்கூடிய இடங்களில் குழாய் மாட்டப்பட்டிருந்தது. வண்டியின் சொந்தக் கம்பி ஒன்றில்கூட வெட்டோ ஒட்டோ இல்லை. நம் முகத்தைப் பார்த்து என்ன உணர்ந்தாரோ, விளக்குகளை மறுபடி இணைத்து, மீண்டும் 40 நிமிடம் காத்து, அளவியைக் காட்டினார். 0.68. கழற்றினார். 0.68.

நாம் எழுந்து உள்ளே போய்ச் சிறிது தண்ணீர் அருந்திவிட்டு வந்தோம்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், ஒன்றை எடுத்ததும் எண் 0.02-க்கு இறங்கியது. அது பி.சி.எம். பெட்டிக்குப் போகும் வழி. "அப்படியானால் பெட்டிதானே பழுது?" என்றோம். அவர் தலையசைக்கவில்லை. அந்தப் பெட்டி வழியாக மின்சாரம் பெறும் விளக்கோ பூட்டோகூட இழுக்கலாமே என்றார். கணினி போன்ற கருவியை வண்டியின் சோதனைத் துளையில் செருகினார். எஞ்சின் பெட்டி 'யு 0140' என்றொரு குறியீட்டைப் பதிந்து வைத்திருந்தது: பி.சி.எம். பெட்டியுடன் தொடர்பு அறுந்தது என்பது பொருள். "இது புகார் மட்டுந்தான் சாமி. ஒருத்தன் பேசலன்னு இன்னொருத்தன் சொல்றான். ஏன் பேசலன்னு நாமதான் பாக்கணும்" என்றார். பேசும் கம்பி அறுந்திருக்கலாம், பெட்டிக்கு மின்சாரம் சரியாகப் போகாதிருக்கலாம், 'எர்த்' துருப்பிடித்திருக்கலாம். மின்கலத்தைக் கழற்றிவிட்டுச் சோதனைத் துளையின் 6-ஆம் 14-ஆம் ஊசிகளுக்கு இடையே தடையை அளந்தார். இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும், காட்டியது. 'எர்த்' கம்பியில் மின்னழுத்த இழப்பு 0.04 வோல்ட், அதுவும் குற்றமற்றது. பின்னர் பெட்டியிலிருந்து விளக்குகளுக்கும் பூட்டுகளுக்கும் போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். யாவும் கழன்ற பின்னும், மின்சாரம் உள்ளே வரும் வழி ஒன்று மட்டும் எஞ்சிய நிலையிலும், எண் இறங்கவில்லை.

அதன் பிறகே பெட்டியைக் கழற்றினார். நண்பகல் கடந்துவிட்டது. பி.சி.எம். கெட்டுவிட்டது என்று சொல்லித் தம்மிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் எர்த்தோ இணைப்போதான் கெட்டிருக்கும், பெட்டியைக் குறை சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில், போதிய ஆதாரமின்றிப் பிறர்மீது குற்றத்தை உண்மையென ஏற்பதைப் பற்றிப் பேசும் 2477-ஆம் எண்ணை நாம் புதுநன்மை வகுப்பு ஆசிரியர்களுக்கு விளக்கியிருக்கிறோம். இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

பெட்டியின் உறையைத் திறந்தபோது, ஒரு மூலையில் பச்சையும் வெண்மையுமாகப் பூத்திருந்தது. செம்பிற் களிம்பு என்று சைவப் பெரியோர் உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமை சொல்வர். இங்கே உவமை இல்லை, களிம்பே இருந்தது. ஒரு ரிலேயின் கால் அரித்துப்போயிருந்தது. எப்போதும் மின்சாரம் நிற்கும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு மிக விரைவாக நடக்கும் என்றார். இரண்டு ஊசிகளுக்கு நடுவே தண்ணீர் பாலம் போட்டுவிட்டால், யாரோ ஒலிப்பான் பொத்தானை அழுத்துவதாகப் பெட்டி நம்பிவிடும். பேய் அதுதான்.

ஆனால் மூடிய வண்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? பங்கு இல்லத்துக் குளியலறைக் குவளையால் முன்கண்ணாடியின் அடியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, அவர் கைவிளக்குடன் முகப்புப் பலகையின் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டார். நாம் ஊற்றினோம். ஆறாம் குவளையில், "நிறுத்துங்க சாமி" என்ற குரல் வந்தது. துடைப்பானின் அடியிலுள்ள தட்டைக் கழற்றியபோது காரணம் விளங்கிற்று. வேனிலில் உதிர்ந்த புங்கம் பூவும் சருகும் அங்கே மட்கிச் சேறாகி, மழைநீர் வெளியேறும் துளையை அடைத்திருந்தன. தேங்கிய நீர், கம்பித்தொகுதி உள்ளே நுழையும் இடத்து இரப்பர் வளையத்தைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் பெட்டியின் மேல் சொட்டியிருக்கிறது. அண்ணாச்சி விளக்குப் போட்டது அக்டோபர் தொடக்கம். மழை பிடித்தது அக்டோபர் கடைசி. காக்கை, பனம்பழம்.

புதுப் பெட்டி வாங்குமுன் ஒழுக்கை அடைத்தார். இல்லையேல் அடுத்த மழையில் புதியதும் போகும் என்றார். பழைய பெட்டியை ஆல்கஹால் கொண்டு துலக்கி உலர்த்திப் பொருத்தியதில் சில நாள் ஓடிற்று. பின் பழைய கதை தொடங்கியது. பழைய இரும்புக் கடையில் ரூ. 3,500-க்கு ஒன்று கிடைக்கும் என்று பேரவை உறுப்பினர் ஒருவர் ஆலோசனை கூறினார். இளைஞர் மறுத்துவிட்டார். நம் வகை வண்டியில் சாவியை அடையாளம் காணும் பொறுப்பும் அந்தப் பெட்டியினுடையதே. வேறொரு வண்டியின் சாவிகளை மனத்தில் எழுதி வைத்திருக்கும் பெட்டி நம் சாவியை ஏற்காது. எனவே மதுரையிலிருந்து புதியதை வரவழைத்தோம், விலை ரூ. 13,400. ஒட்டுத்தாளில் உள்ள பாக எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும், பின்புறத் துடைப்பான் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் பெட்டி வேறு என்பதால், இருமுறை நிழற்படம் எடுத்து அனுப்பினார்.

பெட்டி வந்த பின்னும் ஒரு தடை. புதிய பெட்டிக்குச் சாவிகளைக் கற்பிக்கும்போது இரண்டு சாவிகளையும் ஒன்றாகக் காட்ட வேண்டும். காட்டாத சாவி அதன்பின் வண்டியை இயக்காது. இரண்டாம் சாவி எங்கே? நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தை 2021-இல் மாற்றலாகிச் சென்றபோது அவருடைய மேசை இழுப்பறையோடு அதுவும் போயிருந்தது. இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்து, திருப்பலிக் கருத்து எழுதும் உறையில் போட்டுப் பேருந்து நடத்துநர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, வெற்று உலோகத்தைத் தொட்டுத் தம் உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, இளைஞர் பெட்டியைப் பொருத்தினார். பொருத்தியது ஐந்து நிமிடம். வண்டியின் அடையாள எண்ணையும் வகையையும் அதற்குக் கற்பித்தது ஒன்றரை மணி நேரம். இரவு அளவியில் 0.03 காட்டியது.

அது திருவருகைக் காலத்தின் நான்காம் வாரம். மறுநாள் மாலை பழைய பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அமர்த்தினார்கள்; அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்தார். செய்தது தவறு என்று சொன்னோம். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் பையிலிருந்து பெட்டியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, களிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்றார். சொன்னோம். "மரத்தை வெட்டிராதீங்க. வண்டியைத் தள்ளி நிப்பாட்டுங்க" என்றார்.

ஞாயிறு திருப்பலியில் மக்கள் முன் அறிவிக்கிறோம் என்று நாம் கூறியபோது கையை உயர்த்தித் தடுத்தார். "கோயில்ல சொன்னா, கேக்காதவனுக்கும் தெரிஞ்சுபோவும் சாமி. அன்னைக்கு நின்னவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க."

ஒன்பது பேர். ஏழு பேரை வீட்டுக்குச் சென்றே கண்டோம். ஒருவர் துபாய்க்குப் பயணமாகியிருந்தார், தொலைபேசியில் சொன்னோம். ஒன்பதாமவர் யாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் சாமி, அந்த ஆளு கை வச்ச பிறகுதானே எல்லாம் ஆரம்பிச்சுது" என்றார். அவரிடம் இருமுறை விளக்கினோம். இன்றளவும் அவர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. அந்தக் கருத்தை அவருக்குக் கொடுத்தவர் நாமே என்பதால் அவரைக் கடிந்துகொள்ளவும் வழியில்லை.

2023 தைத் திருவிழாவுக்கு நகரத்து நிறுவனமே விளக்குப் போட்டது, முன்பணம் கொடுத்தாயிற்று. அண்ணாச்சி அந்நாள்களில் வேறோர் ஊர்க் கோயில் கொடைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். கழற்றிய இரண்டு விளக்குகளை மட்டும் நாம் கேளாமலே ஒரு நாள் வந்து மீண்டும் பொருத்திவிட்டுப் போனார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அவரையே அழைத்தோம். வந்தார். சட்டைப் பையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். சீரியல் விளக்கு இத்தனை, குழல்விளக்கு இத்தனை, ஜெனரேட்டர் வாடகை, ஆள் கூலி, முன்பணம் என்று வரிவரியாக எழுதி, அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். ஒன்றின் மேல் தம் கையொப்பத்தை இட்டிருந்தார். 16 ஆண்டுகள் அவர் நம் கோயிலுக்கு விளக்குப் போட்ட காலத்தில் அப்படியொரு தாளைக் கண்டதில்லை என்று கணக்கர் பின்னர் சொன்னார். அண்ணாச்சி தம் பேனாவைத் திறந்து நம்மிடம் நீட்டினார். மற்றக் கோட்டின் மேல் கையொப்பமிட்டோம்.